கொக்கி வைத்த பயனெற்

பயனெற் அண்ணையைப் போல உண்மைக்கு மாரடித்த மனிதர் உரும்பிராயில் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. மற்ற விஷயங்களில் எப்படியோ தெரியாது. பட்டாளத்துத் துவக்கின் முனையில் பூட்டும் பயனெற் கத்தியைப் பற்றி ஒரு பொய் அவர் காதில் விழக்கூடாது.

மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு வந்தவர். மற்றவர்கள் அங்கிருந்து நகை கொண்டுவந்தார்கள். இவர் ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் பழைய பயனெற்றுகள் கொண்டுவந்தார். பெட்டியைத் திறந்து பார்த்த நாளிலிருந்து மனைவி அவரோடு அளந்துதான் கதைத்தாராம்.

வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போன பயனெற்றுகள் எங்கள் பக்கத்து வீடுகளிலும் கிடந்தன. நாங்கள் அவற்றால் பனங்கிழங்கு கிண்டினோம், தேங்காய் உரித்தோம். அண்ணை சைக்கிளில் வந்திறங்கி நேரே அடுக்களைக்குப் போவார். அலகில் குத்திய எழுத்தைப் பூதக்கண்ணாடியால் வாசித்து, எந்த நாட்டுச் சாமான் என்று தீர்ப்புச் சொல்வார். ஒரு செத்தவீட்டில், "பிறகு கதைப்பம் அண்ணை" என்று கெஞ்சிய, செத்தவரின் மகனிடம், "கொப்பர் சாகுமட்டும் உந்தக் கத்தியை ஜப்பான் கத்தி எண்டெல்லோ சொல்லித் திரிஞ்சவர். இப்பவாவது திருத்த வேண்டாமோ?" என்றார்.

அம்மா தேங்காய் உரிக்கிற கத்தியைக் கண்ட அன்று அவர் நிலத்தில் குந்திவிட்டார். "தங்கச்சி, கொக்கி வைச்ச பயனெற் இது. பிறகு பட்டாளத்திலை கொக்கியெல்லாம் வெட்டிப்போட்டாங்கள். மலாயா முழுக்கத் தேடியும் எனக்குக் கிடைக்கேல்லை."

"அதுக்கு? எனக்குத் தேங்காய் உரிக்க வேணுமே" என்றார் அம்மா. அவர் அதைத் தரச்சொல்லிக் கேட்கவில்லை. அடிக்கடி வந்து அதற்கு எண்ணெய் மட்டும் பூசிவிட்டுப் போவார்.

எனக்கு அரசாங்க வேலை கிடைத்த நேரம் பார்த்து வேலிச் சண்டை வந்தது. எல்லைக் கதியால் தடிகளை நாங்கள் நகர்த்திவிட்டோமென்று பக்கத்து வீட்டுப் பெரியப்பாவுக்குக் கோபம். நான் பட்டாளத்து ஆயுதம் வைத்திருக்கிறேன் என்று பொலிசில் சொல்லிவிட்டார். வழக்கு வந்தால் வேலை போச்சு. வந்த இன்ஸ்பெக்டருக்கோ கத்தியைப் பார்த்து ஒன்றும் விளங்கவில்லை.

"பயனெற் அண்ணையைக் கேளுங்கோ ஐயா. அந்தாள் பொய் சொல்லாது" என்றார் பெரியப்பா.

அண்ணை வந்தார். துவக்குக் குழாயில் கொழுவும் வளையத்துக்குள் விரல் விட்டார். எழுத்தை வாசித்தார். என்னை ஒருதரம் பார்த்தார்.

"ஐயா, இது பயனெற்றே இல்லை. கொல்லன் அடிச்ச உரிகத்தி."

"அப்ப இந்தக் கொக்கி?"

"தேங்காயைக் கொழுவ."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "சரி. எண்டாலும் பாக்கிறவன் பயப்பிடுவான். கொக்கியையும் வளையத்தையும் அறுத்துவிடுங்கோ."

நான் இரும்பறுக்கும் வாளை எடுத்தேன். அண்ணை அதை என் கையிலிருந்து வாங்கி, தானே இருந்து அறுத்தார். அம்மா தேத்தண்ணி கொடுத்தபோது வேண்டாமென்றுவிட்டார்.

வேலைக்குப் போகுமுன் நன்றி சொல்லப் போனேன். அவர் படலையடிக்கு வந்து தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"தம்பி, நான் சொன்னதை ஒருத்தரிட்டையும் கதைச்சுப்போடாதை. எனக்கு ஊரிலை ஒரு பேர் இருக்கு."

அவர் இருக்கும்வரை நான் வாய் திறக்கவில்லை. ஆனால் சம்பளம் கையில் வாங்கிய ஒவ்வொரு முறையும் அவரைத்தான் நினைத்தேன்.