அழகான பன்றி

திங்கட்கிழமை காலையில் ரஸ்ஸல் கதவைத் திறந்தபோது வாசல் தூணில் ஒரு பன்றி கட்டியிருந்தது. முந்தின நாள் மத்தியானம் "அழகா இருக்கு" என்று அவன் வாயாரப் புகழ்ந்த அதே பன்றி.

ரஸ்ஸல் கதவைச் சாத்திவிட்டு மறுபடி திறந்து பார்த்தான்; அது அங்கேயேதான் நின்றது.

பசிபிக் கடலில், டோங்காவின் அந்தச் சின்னத் தீவுக்கு அவன் ஊழியத்துக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அவனுக்கு முன்னால் இருந்தவர் ஏன் திடீரென்று போனார் என்று யாரும் சொல்லவில்லை. தலைமைப் போதகர் வின்ஸ்லோ அனுப்பும்போது ஒன்றை மட்டும் மூன்று முறை சொன்னார். ஜனங்களிடம் ஒரு தேங்காய்கூட அன்பளிப்பாக வாங்கக் கூடாது. வாங்கினால் அடுத்த படகிலேயே அமெரிக்காவில் தன் ஊரான அயோவாவுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அயோவாவில் அவன் சபையார் அழுது வழியனுப்பியிருந்தார்கள். அம்மா அவன் படத்தைச் சட்டம் போட்டுக் கோயில் வாசலில் மாட்டியிருக்கிறாள். இப்போது திரும்பிப் போனால், அந்தப் படத்துக்குக் கீழேயே நின்று எல்லாருக்கும் கை கொடுக்க வேண்டும். அதற்குச் சாவதே மேல் என்று நினைத்தான்.

வின்ஸ்லோ சனிக்கிழமை வருகிறார்.

ரஸ்ஸல் பன்றியை இழுத்துக்கொண்டு அதன் சொந்தக்காரன் செமிசி வீட்டுக்கு ஓடினான். பன்றிதான் அவனை இழுத்துக்கொண்டு ஓடியது என்றும் சொல்லலாம்.

"செமிசி அண்ணே, உங்க பன்னி வழி தவறி வந்திருச்சு."

"தவறலையே. நான்தான் கட்டிட்டு வந்தேன். நீங்க அழகுன்னு சொன்னீங்கள்ல?"

"நீங்கதானே 'பன்னி எப்படி, பன்னி எப்படி'ன்னு மூணு தடவை கேட்டீங்க!"

"கேட்டேன். நீங்க சொன்னீங்க. விருந்தாளி வாயால அழகுன்னு வந்துட்டா குடுத்துடணும். எங்க வழக்கம்."

"நான் பன்னி வளர்க்கிற வீட்டுப் பிள்ளைண்ணே. பன்னியைப் பத்திப் பொய் சொல்ல வராது. அதுக்காக..."

செமிசியின் மனைவி ஃபூசி கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள்.

"பாத்தியா? நான் அப்பவே சொன்னேன். பன்னி மட்டும் போதாது, கல்யாணப் பாயையும் சேர்த்துக் குடுன்னு. இப்ப மூஞ்சியில அடிச்ச மாதிரி திருப்பிட்டாரு."

"ஐயோ, அதில்லைக்கா!"

"இனிமே இந்த ஊர்ல நாங்க தலைநிமிர்ந்து நடக்க முடியுமா?"

பன்றியோடு போனவன் பன்றியோடும் பாயோடும் திரும்பினான்.

உட்கார்ந்து யோசித்ததில் ஒரு வழி பிறந்தது. பதிலுக்கு ஏதாவது கொடுத்துவிட்டால் அது அன்பளிப்பு இல்லை, பண்டமாற்று. தன் மழைக்கோட்டை எடுத்துப் போய்ச் செமிசியிடம் கொடுத்தான். செமிசி அதை உடனே மாட்டிக்கொண்டு, மண்டை பிளக்கும் வெயிலில், தெருவை இரண்டு முறை சுற்றி வந்தான்.

சாயங்காலத்துக்குள் ரஸ்ஸல் வீட்டு வாசலில் வரிசை நின்றது. ஒருவர் கையில் மூன்று கோழி. ஒருவர் தோளில் சுருட்டிய மரப்பட்டைத் துணி. இன்னொருவர் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டே வந்துவிட்டார். கடைசியில் இரண்டு பெண்கள் ஒரு தையல் மெஷினைத் தூக்கி வந்தார்கள்.

"நான் இதையெல்லாம் புகழவே இல்லையே!" என்று ரஸ்ஸல் கத்தினான்.

"செமிசி குடுப்பான், நாங்க பாத்துக்கிட்டு இருக்கணுமா? நாங்க என்ன அவனுக்குக் குறைஞ்சவங்களா?" என்றாள் மெஷின்காரி.

இனி வேதம்தான் காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்தான். புதன்கிழமைக் கூட்டத்தில், காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையைப் பற்றிப் பிரசங்கம் செய்தான். ஆண்டவருக்குப் பெரிய பொருள் தேவையில்லை, அவருடைய ஊழியனுக்கு எந்தப் பொருளுமே தேவையில்லை என்று தொண்டை கட்டும்வரை சொன்னான். பெண்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். புரிந்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கினான்.

காலையில் ஊரின் ஒரே விதவையான லவினியா, தன் வெள்ளைக் குதிரையோடு நின்றாள்.

"அந்தம்மா ரெண்டு காசு போட்டா. என்கிட்ட ரெண்டு குதிரை இல்லை பாஸ்டர் தம்பி. ஒண்ணுதான் இருக்கு."

"அம்மா, நான் சொன்ன அர்த்தமே வேற!"

"சொல்றது உங்க பாடு. கேட்டுக்கிறது எங்க பாடு." கயிற்றை அவன் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தாள்.

சனிக்கிழமை காலை எல்லாவற்றையும் வீட்டுக்குள் அடைத்து, சன்னலைச் சாத்தினான். குதிரையைச் சமையலறையில் கட்டினான். அது ஒரு வாரத்து வாழைப்பழத்தை ஒரே மூச்சில் தின்றுவிட்டு இன்னும் வருமா என்று பார்த்தது.

படகு வந்தது. வின்ஸ்லோ நல்ல ஆகிருதி, வெள்ளை வேட்டி மாதிரி விரிந்த சிரிப்பு. முதலில் வீடு வீடாகப் போய் நலம் விசாரித்தார். ரஸ்ஸல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் போனான்.

செமிசி வீட்டில் வின்ஸ்லோ நாலு பக்கமும் பார்த்தார். தரையில் பாய்கூட இல்லை.

"முன்னொரு தடவை வந்தப்ப இங்க நல்ல பாய் ஒண்ணு பாத்தேனே?"

"இருந்துச்சுங்கய்யா" என்றாள் ஃபூசி, தலையைக் குனிந்துகொண்டு.

அடுத்த வீட்டில் கடிகாரம் இல்லை. அதற்கடுத்த வீட்டில் ஒன்றுமே இல்லை. வின்ஸ்லோவின் சிரிப்பு வீட்டுக்கு வீடு சுருங்கியது. "சுவர் நல்லா இருக்கு" என்று அரைமனதாகச் சொல்லிவிட்டு இறங்கினார்.

அப்போதுதான் ரஸ்ஸலின் சமையலறையிலிருந்து குதிரை கனைத்தது.

கதவைத் திறந்தால் ஊர்ச் சொத்து முழுவதும் உள்ளே இருந்தது. தையல் மெஷின்மேல் ஒரு கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது.

"மறுபடியுமா!" வின்ஸ்லோ முகம் சிவந்தது. "இந்த ஊருக்கு அனுப்புற எல்லாருக்கும் இதே பேராசையா?"

"ஐயா, நான் எதையும் கேக்கலை. பன்னி அழகா இருக்குன்னு மட்டும்தான்..."

"பேசாதே! ஒரு சாமான் விடாம அவங்கவங்ககிட்ட திருப்பிக் குடு. இப்பவே. நாலு மணிப் படகுல நீயும் கிளம்பு." பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "எங்க ஆள் எவனும் உங்க பொருள்ல ஒரு துரும்பைக்கூட எடுத்துட்டுப் போக மாட்டான். இது என் வாக்கு!"

ஊரார் வேண்டாம் வேண்டாம் என்று மறுத்தார்கள். மறுத்துக்கொண்டே, கால் மணி நேரத்தில் வீட்டைக் காலி செய்தார்கள்.

கரையில் எல்லாரும் அழுதார்கள். ஃபூசி அவனைக் கட்டிக்கொண்டு விம்மினாள். லவினியா குதிரையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ரஸ்ஸலும் வெட்கமில்லாமல் அழுதான். படம் மாட்டிய அந்தக் கோயில் வாசல் கண்ணுக்குள்ளேயே நின்றது.

படகு நகர்ந்தது. வின்ஸ்லோ உள்ளே படுத்துத் தூங்கிவிட்டார்.

"எவ்வளவு பாசமான ஜனங்க!" என்று ரஸ்ஸல் படகோட்டி ஹலாஃபிஹியிடம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்.

"பாசம்தான். உங்களுக்கு முன்னாடி வந்த நாலு பேருக்கும் இப்படித்தான் அழுதாங்க."

"நாலு பேரா? அவங்களுக்கும் பன்னி குடுத்தாங்களா?"

"இதே பன்னிதான்." ஹலாஃபிஹி உள்ளேயிருந்து வந்த குறட்டைச் சத்தத்தைக் கவனித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "உங்க பெரியவரு ஊருக்குள்ள வந்தா, கண்ணுல பட்டதையெல்லாம் அழகு அழகும்பாரு. சொன்னா குடுத்தாகணுமே! அதான் அவரு வர்ற வாரம் எல்லாத்தையும் பாஸ்டர் வீட்டுல கொண்டுவந்து வெச்சிடுவாங்க. அங்க இருந்தாத்தான் அவரே திருப்பிக் குடுக்கச் சொல்லுவாரு, வாக்குக் குடுத்துட்டுத் தானும் எதையும் எடுக்காம போவாரு."

ரஸ்ஸல் கரையைத் திரும்பிப் பார்த்தான். "அப்ப... என் கதி?"

படகோட்டி கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொன்னான்.

"குதிரை போனா போனதுதானே பாஸ்டர். பாஸ்டர்னா, உங்க சபையே வேற ஒருத்தரை அனுப்பிடுது."