சந்திரகாந்திக்கு ஆறு செம்புத் தண்ணீர்

"இந்த வீட்டில் வேதத்தில் எழுதியிராத எதுவும் இனி நடக்காது!"

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்றாம் ஆண்டு ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பதுளையில் என் வீட்டு அடுப்படியில் நின்று இப்படிக் கத்தினேன். கத்தினேன் என்பது சரியான சொல்தான். பக்கத்து வீட்டு நாய் பதிலுக்குக் குரைத்தது.

என் மனைவி புஷ்பம் தோசைக்கல்லை விட்டுத் தலை தூக்கவில்லை.

"தோசை எழுதியிருக்கா?"

"என்ன?"

"வேதத்துலங்க. எழுதலைன்னா கல்ல எறக்கிடுறேன்."

அன்று நான் மூன்று தோசை தின்றேன். உண்மையைச் சொல்வதானால் நான்கு.

என் பெயர் செல்வநாயகம், பி.ஏ. பட்டத்தையும் சேர்த்துச் சொல்வதற்கு வாசகர்கள் மன்னிக்க வேண்டும். என் அப்பா ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கங்காணி. நூறு ஆளை ஏவுவார். தன் பெயரை எழுதத் தெரியாது, பெருவிரலை மையில் தொடுவார். அவருடைய மகன் சென்னைக்குப் போய்ப் படித்துத் தேறி, பதுளையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கிறான். அந்த இரண்டு எழுத்தை நான் எப்படி விடுவேன்? குடையின் கைப்பிடியில்கூடச் செதுக்கி வைத்திருக்கிறேன். அதில் பெருமை பாதி. யாராவது வந்து பட்டத்தைத் திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்ற பயம் பாதி.

என் கோபத்துக்குக் காரணம் ஒரு பிரசங்கியார். அவர் சித்திரை மாதம் சென்னையிலிருந்து வந்து கடைவீதி முனையில் கூடாரம் போட்டார். பதினோரு நாள் பேசினார். பத்து நாள் போனேன். ஒரு நாள் எனக்கு வயிறு சரியில்லை. தானியேல் சொன்ன நாட்களையும் வெளிப்படுத்தலில் வரும் மிருகங்களையும் கரும்பலகையில் கூட்டிக் கழித்து, பதினேழாம் ஆண்டு உலகம் முடிகிறது என்று நிறுவினார். வீட்டுக்கு வந்து நானும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது. (கணக்கில் நான் மூன்றாம் வகுப்பில் தேறியவன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேதத்தில் ஒரு வரி ஆதாரமும் கிடையாது என்றும் அவர் சொன்னார். விசுவாசம் முதலில், தண்ணீர் பிறகு. அதுவும் தெளிக்கிற தண்ணீர் அல்ல, ஆளையே முழுக்குகிற தண்ணீர். கேட்டவுடன் என் நெஞ்சில் பட்டது. பதுளு ஓயா ஆற்றில் இறங்கி முழுகி எழுந்தேன். ஒன்பது நாள் தும்மினேன்.

எங்களுக்கு அப்போது மூன்று மாதப் பெண் குழந்தை. நான் தெபோராள் என்று பெயர் வைக்க நினைத்திருந்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே வீட்டில் எல்லோரும் சந்திரகாந்தி என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். புஷ்பம் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, கல்யாணத்துக்காக என் சபைக்கு வந்தவள். எந்தக் கோயிலானாலும் சரி, குழந்தைக்குச் சீக்கிரம் ஞானஸ்நானம் ஆக வேண்டும் என்பதுதான் அவள் கேட்டது.

"முடியாது. அவள் வளர்ந்து, வேதம் படித்து, விசுவாசித்து, தானே கேட்க வேண்டும்."

"எப்பங்க கேப்பா?"

"பதினைந்து வயதில்."

"பதினேழாம் வருசம் ஒலகம் முடியுதுன்னீங்க. அப்ப இவளுக்கு நாலு வயசு. முடிஞ்சு போன ஒலகத்துல எந்த ஆத்துல முக்குவீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. அந்த இரண்டு கணக்கையும் நான் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கவில்லை.

"அது வேறு, இது வேறு! ஆதாரம் காட்டு. ஒரு வசனம் காட்டு!"

"சிறைச்சாலைக்காரன் ஒருத்தன் வீட்டோட ஞானஸ்நானம் வாங்கினான்னு நீங்கதான படிச்சீங்க? அந்த வீட்ல கைப்புள்ளயே இல்லையா?"

"இருந்ததாக எழுதியிருக்கவில்லை."

"அடுப்பு இருந்துச்சுன்னும் எழுதல. சோறு திங்காமலா கெடந்தாங்க?"

"புஷ்பம்!"

அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள்.

"எங்க அக்கா புள்ள ஒம்பது நாள்ல போச்சு. ஞானஸ்நானம் இல்லன்னு கல்லறைக்குள்ள எடம் குடுக்கல. வேலிக்கு வெளிய, தேயில ஓரத்துல வச்சாங்க. இன்னிக்கும் அக்கா கொழுந்து எடுக்கப் போனா அந்த நிரைக்கு மட்டும் போவாது. எம் புள்ளைய வேலிக்கு வெளிய வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். ஒங்க வசனத்த நீங்களே வச்சுக்குங்க."

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். "அப்படி வேலி போடச் சொல்லி வேதத்தில் எங்கே இருக்கிறது?" என்று கத்தினேன். கேள்வி நியாயமானதுதான். கேட்ட இடம்தான் தப்பு.

எங்கள் கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் சின்னராசா உபதேசியார் வீடு. கத்தோலிக்கக் கோயிலில் சாமியார் இல்லாத நாட்களில் செபம் சொல்லிக்கொடுப்பவர் அவர். ஞானஸ்நானப் பதிவேடும் அவர் பொறுப்பில்தான். என் கத்தல் அவருக்குத் தினமும் இலவசமாகக் கிடைத்தது. அன்று வேலிமேல் தலையை நீட்டினார்.

"மாஸ்டர், எது வேதம், எது வேதமில்லன்னு ஒங்களுக்குச் சொன்னதே திருச்சபைதான். சபையோட அதிகாரத்தை விட்டுட்டுப் புஸ்தகத்தை மட்டும் தூக்கிக்கிட்டா எப்படி?"

"வார்த்தைக்கு அதிகாரம் வார்த்தையிலேயே இருக்கிறது! உங்கள் சாமியார் கொடுத்து வருவதல்ல."

"அப்ப யார் சொன்னாலும் அது செல்லுமா?"

"செல்லும்!"

"வேண்டாவெறுப்பாச் சொன்னாலும்?"

"செல்லும்! எழுதியே தருகிறேன்!"

தந்தேன். அதுதான் என் குணம். வாதத்தை ஞாயிற்றுக்கிழமை சபையறிய நடத்துவது என்று பேசி, கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த ஹுமைத் முதலாளியைத் தலைவராக வைத்துக்கொண்டோம். அவர் முஸ்லிம், இரண்டு பக்கமும் சாயமாட்டார். வாதப் பொருளை அன்று மாலையே நல்ல தாளில் எழுதினேன்:

'வேத வார்த்தையின் அதிகாரம் அதைச் சொல்பவனைச் சார்ந்ததல்ல. சொல்பவன் பாதிரியாயினும் பாமரனாயினும், விரும்பிச் சொன்னாலும் வெறுத்துச் சொன்னாலும், சொன்னது சொன்னதே. இங்ஙனம், செல்வநாயகம், பி.ஏ.'

மை காயும்வரை புஷ்பம் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் மூன்றாம் வகுப்புவரை படித்தவள். விரலை ஒவ்வொரு சொல்லாக நகர்த்தி இரண்டு தடவை படித்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க," என்றாள்.

அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாளே குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டு நாள் அனலாய்க் கொதித்தாள். மருந்து உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. புஷ்பம் என் காலைப் பிடித்தாள். "ஒரே ஒரு செம்பு தண்ணிங்க. ஒங்க சபை ஐயரக் கூப்பிடுங்க, இல்ல எங்க சாமியாரக் கூப்பிடுங்க. யாரா இருந்தாலும் சரி." நான் வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்குள் நடந்தேன். ஆதாரத்தைத் தேடினேன் என்று சொன்னால் பொய். பயந்தேன். பயத்தைக் காட்டத் தெரியாததால் அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் காய்ச்சல் இறங்கியது.

"பார்த்தாயா?" என்றேன்.

புஷ்பம் குழந்தையின் துணியை மாற்றினாள். அன்று முழுவதும் சண்டையே போடவில்லை. கல்யாணமானவர்களுக்கு அது எவ்வளவு மோசமான அறிகுறி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம்தான். தெரியவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கொல்லையிலிருந்து கூப்பிட்டாள்.

"என்னங்க, கொஞ்சம் வாங்க. இன்னிக்குத்தான் புள்ளைக்குத் தலைக்கு ஊத்தலாம்னு மாரியாயி சொல்லுச்சு. இப்பப் பாத்தா அதுக்கே இடுப்புப் பிடிச்சுக்கிச்சாம். நீங்க ஊத்துங்க."

மாரியாயி தினமும் வந்து குழந்தையைக் குளிப்பாட்டுகிறவள். அவள் வராவிட்டால் வேறு யாராவதுதான் ஊற்ற வேண்டும். புஷ்பம் மணையில் உட்கார்ந்து காலிரண்டையும் நீட்டிக் குழந்தையை அதன்மேல் கிடத்தியிருந்தாள். பக்கத்தில் வெந்நீர் அண்டா. நான் செம்பை எடுத்தேன்.

"நாளைக்கு ஜெயிச்சிடுவீங்களா?"

"சந்தேகமா?"

"எனக்கில்ல. சின்னராசா அண்ணன்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரு, மாஸ்டருக்கு ஞானஸ்நான வார்த்தையே ஒழுங்காத் தெரியாதுன்னு."

"யாருக்கு?"

"ஒங்களுக்குத்தான். தண்ணியில முழுகுறதுலயே மூச்சு முட்டிப்போயி வார்த்தைய விட்டுட்டாராம்னு சிரிச்சாரு."

"எனக்கா தெரியாது? எனக்கா?"

"கத்தாதீங்க, புள்ள பயப்படும். தலைக்கு ஊத்துங்க."

"கேட்டுக்கொள்! 'பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே...'"

"யாருக்குன்னு பேர் சொல்லவேணாமா? அதத்தான் ஒங்களுக்குத் தெரியலன்னாரு."

"தெரியும்!" வேலிப் பக்கம் திரும்பி, அந்த மனிதர் காதில் விழட்டும் என்று முழுக் குரலில் முழங்கினேன். "'சந்திரகாந்தி! பிதா! குமாரன்! பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்!' போதுமா?"

ஒவ்வொரு நாமத்துக்கும் என் கை ஒரு செம்பு ஊற்றியது. கோபத்தில் கை சும்மா இருக்காது.

"எங்காளுங்க வேற மாதிரில்ல சொல்லுவாங்க?"

"அதுவும் தெரியும்! 'பிதாவுடையவும், சுதனுடையவும், இஸ்பிரீத்துசாந்துவுடையவும் நாமத்தினாலே...'" அதையும் பெயரோடு கடைசிவரை சொன்னேன். மேலும் மூன்று செம்பு. "சுதன் என்றாலும் குமாரன் என்றாலும் ஒன்றுதான் என்று போய்ச் சொல் உன் சின்னராசாவிடம்!"

"போதும்ங்க. நல்லா ஊத்துனீங்க."

குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். என் புலமையில் மகிழ்ந்துபோனாள் என்று நினைத்தேன். சாம்பிராணிப் புகையில் நின்று அவளுக்காகக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன்.

ஞாயிறு மாலை ஹுமைத் முதலாளி கடைக்குப் பின்னால், துணிமூட்டைகளுக்கு நடுவில் கூட்டம். எண்ணினேன், நாற்பத்து மூன்று பேர். பெண்கள் ஒரு பக்கமாக மூட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

"எனக்கு இந்த ரெண்டு பேர் சொல்றதுலயும் நம்பிக்கை இல்ல," என்று முதலாளி தொடங்கினார். "அதனாலதான் தலைவர் நான். சொல்லுங்க மாஸ்டர்."

முக்கால் மணி நேரம் பேசினேன். கைக்குழந்தை ஞானஸ்நானம் மனிதர் கட்டிவிட்ட வழக்கம் என்றேன். மேசையைக் குத்தினேன். சின்னராசா உபதேசியார் நிதானமாக எழுந்தார்.

"எனக்கு ரெண்டு மூணு கேள்விதான். மாஸ்டரோட புள்ளைக்கு ஞானஸ்நானம் ஆயிருச்சா?"

"ஆகவில்லை! ஆகாது!"

"நேத்துக் காலையில ஏழு மணிக்கு ஒங்க கொல்லையில ஒரு கொரல் கேட்டுச்சு. யார் கொரல்?"

"என் குரல்."

"தண்ணி ஊத்துனது?"

"நான்தான். அது குளிப்பாட்டியது."

"தலையிலயா?"

பொய் சொல்ல எனக்கு வராது. "தலையில்."

"பேர் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"நாமம்?"

"இரண்டு விதமாகவும் சொன்னேன்," என்றேன். அப்போதுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

உபதேசியார் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "புள்ள காய்ச்சல்ல கெடந்து எழுந்தது ஊருக்கே தெரியும். ஆபத்துன்னு வந்தா ஆம்பள, பொம்பள யார் வேணாலும் குடுக்கலாம்கிறது எங்க சட்டம்."

"எனக்கு அந்த எண்ணமே இல்லை! கோபத்தில் சொன்னேன்! செல்லாது!"

ஹுமைத் முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நல்ல தாள். "'விரும்பிச் சொன்னாலும் வெறுத்துச் சொன்னாலும், சொன்னது சொன்னதே.' கீழ ஒங்க கையெழுத்துத்தானே மாஸ்டர்?"

கூட்டம் சிரித்தது. பெண்கள் பக்கத்திலிருந்து மாரியாயி எழுந்து நின்றாள். இடுப்பு நேராகத்தான் இருந்தது. "வேலிக்கு அந்தாண்ட நானும்தாங்க நின்னேன். அய்யா கணீர்னு சொன்னாரு."

"மோசடி!" என்று கத்தினேன்.

"கத்தாதீங்க மாஸ்டர்," என்றார் முதலாளி. "நீங்க கத்துனா ஏதாச்சும் ஒன்னு நடந்துபோயிருது."

வீட்டுக்கு வந்து குடையைச் சுவரில் எறிந்தேன்.

"என்னை ஏமாற்றிவிட்டாய்!"

"நான் ஒரு வார்த்தை சொன்னேனா? எல்லாம் நீங்க சொன்னதுதான்."

"அவளுடைய விசுவாசம்? அவள் தானாகக் கேட்க வேண்டியது?"

"வளந்து, படிச்சு, நம்பி, ஓயாவுல முங்கட்டும். நானே கரையில துண்டோட நிக்கிறேன். அதுவரைக்கும் எம் புள்ள வேலிக்கு உள்ள."

குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தது. என் நெஞ்சிலும் ஏதோ ஒன்று இறங்கியது. அது நிம்மதி என்று தெரிந்தபோது இன்னும் கோபம் வந்தது.

மறுநாள் காலை உபதேசியார் பதிவேட்டை வேலிமேல் நீட்டினார். "எழுத்துப் பிழை இருந்தா ஒங்களுக்குப் பொறுக்காது. ஒரு தடவ பாத்துருங்க மாஸ்டர்."

பிழை இருந்தால் பதிவே செல்லாது என்று வாதாடலாம் என்ற வெறியோடு வாங்கினேன். பிள்ளையின் பெயர், சரி. தாய் தகப்பன் பெயர், சரி. தேதி, சரி. ஞானஸ்நானம் கொடுத்தவர் என்ற இடத்தில் உபதேசியார் கறுப்பு மையில் 'செல்வநாயகம்' என்று எழுதியிருந்தார். அதை ஒட்டி, நீல மையில், மூன்றாம் வகுப்புக் கையெழுத்தில், புஷ்பம் மறக்காமல் சேர்த்திருந்தாள்: பி.ஏ.