நடிச்சுக் காட்டச் சொன்ன கண் டாக்டர்

ஒரகடம் வட்டாரத்தில் சினிமாவைவிட அதிக நடிகர்களை உருவாக்கியவர் ஒரு கண் டாக்டர். போர்டில் இருந்த பெயரை யாரும் படித்ததில்லை. எங்களுக்கு அவர் டைரக்டரம்மா.

கண்ணில் அடிபட்டு யார் போனாலும், டார்ச்சைத் தொடும் முன் ஒரே கேள்வி: "இன்னா பண்ணிக்கினு இருந்தே? நடிச்சுக் காட்டு." உள்ளே போனது தூசியா, முள்ளா, இரும்பா என்பதைக் கண் சொல்லாது, கைதான் சொல்லும் என்பது அவர் கட்சி. வல்லக்கோட்டையில் காவடி மயிலிறகு குத்தி வந்த ஒருவர் கிளினிக்கையே சுற்றி ஆடினார். வரிசையில் இருந்தவர்கள் அரோகரா போட்டார்கள். ஆடியவரின் தலை சாய்ந்த பக்கத்தைப் பார்த்துவிட்டு டைரக்டரம்மா மேலிமையைப் புரட்டினார். இறகுத் துணுக்கு அங்கே சமர்த்தாகப் படுத்திருந்தது.

ஷெட் கூரைகளிலிருந்து வெயில் தகடு தகடாக உரிந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், எங்கள் கம்பெனியில் என் லைனிலேயே வேலை பார்த்த தென்காசி இசக்கியைப் பைக்கில் கொண்டுபோனேன்.

"தூசி விழுந்துட்டும்மா. பெருக்கிட்டு இருந்தேன்."

அப்படிச் சொல்லச் சொன்னவர் எங்கள் சூப்பர்வைசர். உண்மையைச் சொன்னால் இசக்கியின் வேலை போய்விடும் என்றிருந்தார். கண்ணோரம் எறும்பு கடித்த மாதிரிச் சிவப்பு, அவ்வளவுதான். பார்வையும் நன்றாகத்தான் இருந்தது.

"பெருக்கு."

இல்லாத விளக்குமாற்றால் பெருக்கினான்.

"தூசி விழற எடத்துக்கு வா."

வந்தான். இடது கை எதையோ இறுக்கிப் பிடித்தது. வலது கை தன்பாட்டுக்குத் தோளுக்கு மேல் ஏறி, ஓங்கி இறங்கியது.

"வெளக்கமாத்த இப்படித்தான் ஓங்குவியா? கரப்பான் அடிச்சியா?"

வரிசை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"சுத்தியல். இரும்பு மேல இரும்பு. தூசின்னா கண்ணக் கசக்கிக்கினு வருவான். இரும்பு பூந்தா சத்தமில்லாம உள்ள குந்திக்கும்."

காகித டீ கப்பை அந்தக் கண்ணின் மேல் கவிழ்த்து ஒட்டினார். "கை வெச்சே, கைய ஒடிப்பேன்" என்று ஸ்கேனுக்கு அனுப்பினார். படத்தில், விழிக்குள்ளே, இருட்டு வானத்தில் ஒற்றை வெள்ளி மாதிரி ஓர் இரும்புத் துணுக்கு. பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். கண் தப்பியது.

வேலை தப்ப வேண்டுமே. டைரக்டரம்மா சூப்பர்வைசரை வரவழைத்தார்.

"வா ராசா. இவனுக்கு நீ கண்ணாடி குடுத்த சீனை நடிச்சுக் காட்டு."

மனிதர் கையை நீட்டினார், மடக்கினார், வேர்த்தார். இல்லாத பீரோவைத் திறந்துகூடப் பார்த்தார். அந்த வாரமே லைன் முழுக்கப் பாதுகாப்புக் கண்ணாடி வந்தது. இசக்கியை வேலையைவிட்டு அனுப்பும் பேச்சு அதன்பிறகு எழவில்லை.

கடைசி முறை கண்ணைக் காட்டப் போனபோது, "நாளைக்கு வேலைக்குப் போறே. நடிச்சுக் காட்டு" என்றார்.

இசக்கி பையிலிருந்து கண்ணாடியை எடுத்தான். துடைத்தான். மாட்டினான். அப்புறம்தான் இல்லாத சுத்தியலைத் தேடினான்.

டைரக்டரம்மா சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "தூசி விழுந்திடுச்சுப்பா" என்று கண்ணைத் துடைத்தார்.

நடித்துக் காட்டச் சொல்ல எங்கள் இருவருக்கும் மனசு வரவில்லை.