கப்பல் நாடகத்தை எழுதியது யார்?

அருப்புக்கோட்டை வட்டாரத்தில் எதையுமே நம்பாமல் அறுபது வயதைத் தொட்ட ஒரே மனிதர் 'ஆதாரம்' அண்ணாச்சிதான். பாளையம்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். டவுன் பஸ்ஸில் போர்டைப் பார்த்து ஏறமாட்டார். டிரைவர் வாயால் ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டும். தன் பிறப்புச் சான்றிதழையே அவர் ஒப்புக்கொண்டதில்லை. கையெழுத்துப் போட்ட அதிகாரி பிரசவத்தின்போது பக்கத்தில் இருந்தாரா என்று கேட்பார்.

அவருடைய பெரிய சந்தேகம் பரளச்சி நாடக வாத்தியார் மீது. சுற்றுப்பட்டுப் பொங்கல் திருவிழாவிலெல்லாம் வாத்தியார் நாடகம்தான். ஐந்தாம் வகுப்பு படித்தவர் பதினொரு நாடகம் எழுதியிருக்க முடியாது என்பது அண்ணாச்சியின் வாதம். முதலில், எழுதியது ஆர்மோனியக்காரர் என்றார். அவர் காலமான பிறகும் இரண்டு புது நாடகம் வந்ததால், மதுரையில் பெயர் தெரியாத ஒரு பேராசிரியருக்கு அந்தப் பெருமையை மாற்றிவிட்டார்.

"கம்மாயே நெறையாத ஊருல இருந்துக்கிட்டு ஒரு மனுசன் கப்பல் நாடகம் எழுதுவாரா? யோசிச்சுப் பாருங்க" என்பார். ஜெராக்ஸ் கைக்கு வரும்வரை நானும் யோசிப்பேன்.

வாத்தியார் போன வருடம் இறந்துபோனார். பரளச்சியில் புதிதாகக் கட்டிய மேடைக்கு அவர் பெயரை வைப்பதென்று ஊர்க் கமிட்டி முடிவு செய்தது. தையல் கடை வைத்திருக்கும் அவர் மகள், கமிட்டிக்குக் காட்ட அப்பாவின் நாடக நோட்டுகளைப் பிரதி எடுக்க வந்தார். எத்தனையோ கடை இருக்க, அண்ணாச்சி கடைக்கு.

வாத்தியார் எழுத்து கோழிக் கிறுக்கல் என்பது ஊரறிந்தது. நோட்டுகளிலோ எழுத்து முத்து முத்தாக இருந்தது. அண்ணாச்சிக்கு அந்தக் கையெழுத்து தெரியும். கடைக்கு அடிக்கடி வரும் பந்தல்குடி மிளகாய் வத்தல் வியாபாரி பாயுடையது அது. பாய் சவுதியில் இருந்தவர், கடல் தாண்டியவர். அன்று அண்ணாச்சிக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. கமிட்டிக்கு நாலு பக்க மனு போட்டார். கமிட்டியும் பயந்துபோய் பெயர் எழுதுவதை நிறுத்திவைத்தது.

மகள் கடைக்கு வந்து, "எங்கப்பாவுக்குன்னு மிஞ்சுனது அந்தப் பேரு ஒண்ணுதாண்ணே" என்று அழுதார். அண்ணாச்சி முகம் வாடியது. ஆனாலும் மனு மனுதான்.

கடைசியில் பாயையே கூட்டிவந்து கேட்டோம். அவர் டீயைக் குடித்து முடித்து நிதானமாகச் சொன்னார்:

"எழுதுனது நாந்தான். அவுக நடந்துக்கிட்டே சொல்லுவாக, நான் எழுதுவேன். அவுக எழுத்து நடிக்கிறவுகளுக்குப் புரியாதுல்ல. கப்பல் நாடகத்துல மட்டும் நானா ஒரு வரி சேத்தேன். வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, அடிச்சிரச் சொல்லிட்டாக."

அண்ணாச்சி விடுவாரா? அப்படியென்றால் கப்பலைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தது யார் என்று மடக்கினார்.

"நான் போனது ஏரோப்ளேன்ல. சன்னல் சீட்டுகூடக் கெடைக்கல" என்றார் பாய்.

அண்ணாச்சி நோட்டைப் புரட்டினார். அடித்த வரி கிடைத்தது. இரண்டு தடவை வாசித்தார். "மட்டமான வரி. அடிச்சது சரிதான்" என்று சொல்லிவிட்டு, அன்றே பரளச்சிக்குப் பஸ் ஏறி மனுவைத் திரும்ப வாங்கினார்.

மேடைத் திறப்பன்று கப்பல் நாடகம் போட்டார்கள். நடுவில் ராஜா வேஷக்காரர் வசனத்தை மறந்துபோய், மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். கூட்டத்திலிருந்து ஒரு குரல் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தது. திரும்பிப் பார்த்தால் நம் அண்ணாச்சி. வாத்தியார் மகள் அவரைப் பார்த்துச் சிரித்தார். அண்ணாச்சி வானத்தைப் பார்த்தார். இத்தனை வருடம் நம்பாத அந்த மனிதருக்குத்தான் பதினொரு நாடகமும் மனப்பாடம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதிலிருந்து எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.