வெள்ளிக் கிண்ணத்து ஏலக்காய்

எனக்கு வங்கி வேலை கிடைக்காமல் போனதற்கு என் கைதான் காரணம். வாய் அதற்குப் பின்பாட்டுப் பாடியது. மூளைக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

எழுபதுகளின் கடைசி. பி.காம். முடித்துவிட்டு, போடியில் ஏலக்காய் ஏலம் நடக்கும் இடத்தில் ஒரு வியாபாரிக்குச் சரக்குப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். தட்டில் மாதிரிக் காய் வரும். ஒரு பிடி அள்ளி முகர்ந்து, ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, மிச்சத்தைத் தரையில் போட்டுவிட வேண்டும். கைபட்டதைத் திரும்பத் தட்டில் போடுவது அங்கே மரியாதை இல்லை. (ஏலம் முடியும்போது நடக்கிற இடமெல்லாம் காய்தான்.) மூன்று வருடம் இதே சோலி.

அப்போது தேவாரத்தில் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் அப்பா மலையில் ஏலத்தோட்டம் வைத்திருந்தார். "பேங்கு வேல கெடைக்கட்டும் மாப்ளே, தேதி குறிச்சிருவோம்" என்று சொல்லிவிட்டார். பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அதனால் மதுரைக்குப் போனேன். பெரிய வங்கி. கடன் கேட்டு வருகிறவரின் நிலவரத்தை அலசி, கொடுக்கலாமா கூடாதா என்று சொல்லும் வேலை. எனக்கு அது நான்காவது நேர்முகம், அலுத்துப்போயிருந்தேன். விடிகாலை ரயில், உட்கார இடமில்லாத வராந்தா, சாப்பாடும் கிடையாது. மூன்று மணிக்கு என் பெயரைக் கூப்பிட்டபோது நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தேன்.

உள்ளே மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்தவர்தான் பெரியவர். சாப்பிட்ட வாய்க்கு மெல்ல, அவர் முன்னால் ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் ஏலக்காய்.

"போடிக்காரரா? எடுத்துக்குங்க" என்று கிண்ணத்தை நகர்த்தினார்.

ஒன்று எடுத்துக்கொள்ளத்தான் சொன்னார். நான் ஒரு பிடி அள்ளினேன். முகர்ந்தேன், ஒன்றைக் கடித்தேன், மிச்சத்தை அந்த அறையின் சிவப்புக் கம்பளத்தில் வீசினேன்.

"வெளுத்த காய் சார். பாதி பிஞ்சு, விதையே கறுக்கல."

அவர் கோபப்படவில்லை. "இந்தத் தோட்டக்காரர் கடன் கேட்டா கொடுக்கலாமா?"

"வேணாம் சார். ஆளு தோட்டத்துப் பக்கமே போறதில்ல. காயப் பாத்தாலே தெரியுது."

ஓரத்தில் இருந்தவர் தொண்டையைச் செருமினார். "அது சாரோட சொந்தத் தோட்டம்" என்றார்.

நான் உடனே மேசைக்கடியில் புகுந்து பொறுக்க ஆரம்பித்தேன். (புத்திசாலி எவனும் அதைச் செய்திருக்க மாட்டான்.) ஒரு காய் பெரியவரின் செருப்புக்கடியில் இருந்தது. காலைத் தூக்கச் சொல்லிக் கேட்டேன், தூக்கினார். அவ்வளவு அவமானத்தை அதற்குப் பிறகு நான் பட்டதில்லை.

மறுநாள் தேவாரத்துக்குப் போய் நடந்ததை அப்படியே சொன்னேன். எப்படியும் பெண் கிடைக்கப் போவதில்லை, பொய் சொல்லவும் தெம்பில்லை.

பெண்ணின் அப்பா சிரிக்கவில்லை. "நெசமாவே பிஞ்சா மாப்ளே?"

"ஆமா மாமா."

"கடிச்சுப் பாத்தீகளா?"

"பாத்தேன்."

"என் காய்க்கு நெசத்தச் சொல்ல ஒரு ஆளு இல்லாமத்தான் யாவாரிககிட்ட ஏமாந்துட்டுக் கெடக்கேன். பேங்கு கெடந்துட்டுப் போகுது, வெரசா தேதியக் குறிச்சிருவோம்" என்றார்.

அன்றிலிருந்து வாராவாரம் ஜீப்பில் மலையேறுகிறேன். இடுப்பு போய்விட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் என் வேலையைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்வது என் மனைவிதான்.

"அந்தப் பெரிய மனுசன் தோட்டத்த ஒழுங்காப் பாத்திருந்தா, நான் இந்நேரம் மதுரையில ஆபீசர் பொண்டாட்டியா இருந்திருப்பேன்."