எல்லோரும் மேற்கோள் காட்டிய கட்டுரை

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். இங்கே நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள். சித்தப்பா நலமாக இல்லையென்றால் நீங்கள் இந்த வயதில் ஆராய்ச்சியில் சேர்ந்ததுதான் காரணம். பழகிவிடுவார்.

முன்னாய்வுகள் அத்தியாயத்தை எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். "நீதான் வருஷக்கணக்கா அதையே எழுதிட்டிருக்கியே, உன்னை விட்டா யாருக்குத் தெரியும்" என்று போனில் சொன்னதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

முதலில் எல்லோரையும் போலத்தான் எழுதினேன். இவர் இப்படிச் சொல்கிறார். அவர் அப்படிச் சொல்கிறார். இன்னொருவரும் ஏதோ சொல்கிறார். என் நெறியாளர் மேடம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வருகைப் பதிவு எடுத்திருக்கியேம்மா. எல்லாரும் வந்திருக்காங்க, சந்தோஷம். வந்து என்ன பேசிக்கிட்டாங்க? யாருக்கு யாரைக் கண்டா ஆகாது? நீ யார் பக்கம்?"

அன்றைக்கே விடுதி அறைக்கு வந்து கட்டுரைகளைத் தரையில் பிரித்துப் போட்டேன். ஒரு கட்சி கதவோரம், எதிர்க்கட்சி ஜன்னலோரம், இரண்டு பக்கமும் தலையாட்டுகிறவர்கள் கட்டிலுக்கு அடியில். குளிக்கப் போவதென்றால்கூடச் சண்டைக்கு நடுவே நுனிக்காலில் போக வேண்டியிருந்தது. ஆனால் எழுத வந்துவிட்டது, சித்தி. சண்டை மூட்டத் தெரிந்தால் பாதி அத்தியாயம் முடிந்த மாதிரி.

என் ஆய்வுத் தலைப்பு, வரிசையில் காத்திருக்கும் மனிதர்கள். இந்த இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: வரிசையில் நிற்பவருக்கு முன்னால் ஆள் குறைவதைவிடப் பின்னால் ஆள் சேர்வதுதான் பெரிய ஆறுதல். அழகான வாக்கியம். யார் கண்டுபிடித்தது என்று பார்க்கப் போனேன். புதியவர் தனக்கு முந்தையவரைக் காட்டினார், அவர் அவருக்கும் முந்தையவரைக் காட்டினார், அவர் இன்னொருவரைக் காட்டினார், அலுவலகத்தில் ஒவ்வொரு மேஜையிலும் 'அங்கே கேளுங்க' என்று அனுப்புவார்களே அதேபோல நானும் நூலகத்தின் கீழ்த்தளம் வரை போய்த் தும்மிக்கொண்டே தேடி, கடைசியில் எல்லோருக்கும் மூத்த கட்டுரையைப் பிடித்துவிட்டேன். அந்த வாக்கியத்துக்கு ஆதாரமாக அதன் அடியில் ஒரு பெயர், பக்கத்தில் 'வெளிவரவுள்ளது'. பெயர் எங்கள் மேடத்துடையது.

மேடத்தின் அந்தக் கட்டுரை எங்கும் இல்லை. வெளிவரவேயில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் மேடத்தின் கையெழுத்தோடு அத்தியாயத்தைக் கொடுக்காவிட்டால் என் ஆய்வுப் பதிவு ரத்து. கூடப் படிக்கிறவன் ஒருவன் இருக்கிறான். எதையும் எல்லோரும் பேசி முடித்த பிறகு சின்னக் குரலில் சொல்வதால் அவனுக்கு அடிக்குறிப்பு என்று பெயர். அவனிடம் போனேன்.

"உனக்குக் கையெழுத்து வேணுமா, உண்மை வேணுமா?"

"ரெண்டும்."

"அப்ப வேற கைடு பாரு."

வேறு யாரும் எடுக்க மாட்டார்கள். 'இக்கூற்றுக்கு ஆதாரம் இல்லை' என்று எழுதி எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்கே போய்விட்டேன்.

"மேடம், உங்க கட்டுரை ஒண்ணு கிடைக்கவே இல்லை."

எது என்று சொன்னேன்.

"அதுவா. எழுதணும்னுதான் இருந்தேன்."

"எழுதலையா மேடம்?"

"பொண்ணு பொறந்தா. அப்புறம் துறைத் தலைவர் ஆக்கிட்டாங்க. அதுக்குள்ள ஊரே மேற்கோள் காட்ட ஆரம்பிச்சிடுச்சு. இனிமே எழுதி என்ன ஆகப்போகுது?"

"அப்ப அந்தக் கண்டுபிடிப்பு?"

"ஒரு தடவை பேங்க்ல நின்னேன். எனக்கு அப்படித்தான் இருந்துச்சு."

எழுதி வந்த பக்கத்தை நீட்டினேன். அவர் படித்தார். பேனாவை எடுத்தார். என் பதிவு, என் வருஷங்கள், உங்களிடமெல்லாம் அப்பா அடித்த பெருமை, எல்லாம் அந்தப் பேனா முனையில் நின்றன.

"'இல்லை'ன்னு போடாதே. 'கிடைக்கவில்லை'ன்னு போடு. தேடறவங்க தேடட்டும்." அடித்துத் திருத்தினார். "இதுதாம்மா உன் ஆய்வு இடைவெளி, இதுவரைக்கும் யாரும் செய்யாதது. நீயே போய் வரிசையில நின்னு பாரு." கையெழுத்தும் போட்டுவிட்டார்.

ஆகவே சித்தி, நான் அனுபவித்துக் கற்றது ஒன்றுதான். கண்ணால் படிக்காத எதையும் மேற்கோள் காட்டாதீர்கள். மேடமே சொன்னாலும்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் அத்தியாயம் என்னுடையதைவிடச் சீக்கிரம் முடியட்டும்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது மேடத்தின் புதுக் கட்டுரை வந்தது. அதே வாக்கியம் அதிலும் இருக்கிறது. இந்த முறை ஆதாரம் நான். என் பெயர், பக்கத்தில் 'வெளிவரவுள்ளது'. நான் இன்னும் எந்த வரிசையிலும் போய் நிற்கவில்லை. அடிக்குறிப்பு அதற்குள் தன் அத்தியாயத்தில் என்னைச் சேர்த்துவிட்டான். இன்னும் ஒருவர் சேர்த்தால் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாமாம். நீங்களும் ஒரு வரி போட்டுவிடுங்கள், சித்தி. உங்கள் தலைப்பு தாவரவியல் என்றால் என்ன, செடிகளும் காத்திருக்கத்தானே செய்கின்றன.