சி தரத்துச் சிங்கம்

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. மேலே ஏறப் பயம், கீழே இருக்க வெட்கம். ஆகவே கீழேயே இருந்துகொண்டு, தன்னைவிடக் கீழே உள்ளவர்களாகத் தேடிப் பிடித்து ஜெயித்து, அந்த ஜெயத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் அடுக்கும் ரகம். நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்கவில்லை என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ரிமோட் கார் பந்தயக் கழகத்துக்கு வாருங்கள், காட்டுகிறேன்.

ரிமோட் கார் என்றதும் சிரிக்காதீர்கள். சோபாவுக்கு அடியில் குழந்தை விடுகிற சமாசாரம் இல்லை இது. பெரிய கிடங்கு, தரையெல்லாம் கம்பளம், ரப்பர் குழாயை வளைத்து ஓரம் கட்டிய பாதை, ஓட்டுகிறவர்கள் வரிசையாக நிற்க ஒரு மேடை, அந்த மேடையில் பெண்டாட்டி பிள்ளைகளை மறந்து, ரிமோட்டும் கையுமாக, வளைவுக்கு வளைவு தாங்களும் சேர்ந்து சாயும் நடுத்தர வயதுக்காரர்கள் என்று எல்லாம் முறைப்படி நடக்கும். ஓட்டுநர் உரிமம்கூட உண்டு. உரிமத்தில் தரம் உண்டு. புதிதாக வருகிறவர் யாரானாலும் சி தரம். ஒரே பருவத்தில் மூன்று முறை முதலிடம் வந்தால் பி. அங்கேயும் அப்படித் தேறினால் ஏ. ஏறினவர் இறங்க முடியாது. அவரவர் தரத்துக்காரர்களோடு மட்டும்தான் மோதலாம். எதற்கு இந்த ஏற்பாடு? நேற்று வந்தவரை, பழம் தின்று கொட்டை போட்டவர் நசுக்கிவிடக் கூடாது என்பதற்கு. வேலி நல்ல வேலிதான். ஆனால் வேலிக்கு உள்ளேயே ஓர் ஓநாய் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது?

அந்த ஓநாய்க்கு எங்கள் கழகத்தில் சிங்கம் என்று பெயர்.

விபத்தில் நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, சேதம் இவ்வளவுதான் என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது அவர் உத்தியோகம். எதையும் குறைத்துக் காட்டுவதில் கைதேர்ந்தவர். எட்டு வருஷமாக சி தரம். பருவத்துக்கு இரண்டு முறை முதலிடம் வருவார். மூன்றாவது நெருங்கும்போது காருக்கு ஏதாவது வியாதி வந்துவிடும். பாட்டரி சூடாகும். டயர் வழுக்கும். முடிவுக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் கார் திடீரென்று யோசனையில் ஆழும். அப்படிக் கிடைத்த இரண்டாமிடத்துக் கோப்பையை வாங்கும்போது அவர் முகத்தில் தவழும் சாந்தம் இருக்கிறதே, முற்றும் துறந்த முனிவர் கெட்டார்.

புதியவர்கள்மேல் அவருக்கு இருந்த கருணையையும் சொல்ல வேண்டும். ஒரு பேருந்து ஓட்டுநர் வந்து சேர்ந்தார். பேருந்து நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு சந்துபொந்தெல்லாம் புகுந்து வருகிறவர், ஒரு முழ நீளக் காரை நேராக விட முடியாமல் திண்டாடினார். சிங்கம் அவரை மூன்று சுற்று முந்தி ஜெயித்துவிட்டு, தோளில் கை போட்டு, "தம்பி, வேகம் பெருசில்ல. பொறுமைதான் பெருசு. என்னைப் பார்த்துக் கத்துக்கங்க" என்றார். அவரும் நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம்.

"நீங்க ஏன் சார் மேல போகல?" என்று யாராவது கேட்டால் பதில் தயார். "நினைச்சிருந்தா எப்பவோ ஏ தரம். நமக்கு எதுக்கு அந்தப் பகட்டு?" ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். இவர், ஊருக்கு ஆலை வந்துவிடாமல் எல்லையில் படுத்துக் காவல் காக்கும் இலுப்பைப்பூ.

வீட்டில் அவர் உலக சாம்பியன். கோப்பைகளைத் துடைக்கும் பொறுப்பு மனைவியுடையது. அந்த அம்மாளுக்கு இரும்பு ஆலையில் கிரேன் இயக்கும் வேலை. ஒருநாள் துடைத்துக்கொண்டே, "என்னங்க, எல்லாத்துலயும் சி-ன்னே போட்டிருக்கே?" என்று கேட்டார்.

"சி-ன்னா சிறப்புப் பிரிவு."

நம்பினார். ஒரு ஞாயிறு சிங்கம் பாட்டரியை வீட்டில் மறந்துவிட்டு வர, அதை எடுத்துக்கொண்டு அந்த அம்மாள் கிடங்குக்கு வரும்வரை நம்பினார். வந்த இடத்தில், தன் கணவர் யாரையெல்லாம் வீழ்த்துகிறார் என்பதைச் சற்று நேரம் நின்று பார்த்தார். பேருந்து ஓட்டுநரின் கார் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. எங்கள் செயலாளர் பல் செட் செய்கிறவர், அளந்து பேசுகிறவர். அவரிடம் போய், "சார், சி-ன்னா என்ன?" என்று கேட்டார்.

"ஆரம்ப நிலைம்மா."

அந்த அம்மாள் சண்டை போடவில்லை. கணவரை ஒரு பார்வை பார்த்தார். "எனக்கும் ஒரு உரிமம் குடுங்க" என்றார்.

சிங்கத்துக்குச் சிரிப்பு தாளவில்லை. பொழுது போகட்டும் என்று தன்னுடைய பழைய கார் ஒன்றையும் தானம் செய்தார். ஆள் நடமாட்டத்துக்கு நடுவே டன் கணக்கில் இரும்பைப் பூப்போல இறக்கிப் பழகிய விரல்கள் அவை என்பதை யோசிக்கவில்லை. முதல் பந்தயத்தில் அந்த அம்மாள் கடைசி. போகப்போக நடுவில். பருவம் முடியும் தறுவாயில் முன்வரிசை. வீட்டில் சிங்கத்தின் பேச்சு குறைந்துபோனதாகக் கேள்வி.

கடைசிப் பந்தயம் வந்தது. சிங்கம் ஏற்கெனவே இரண்டு முறை ஜெயித்தாயிற்று. இன்னொரு முறை ஜெயித்தால் பி தரம். ஆகவே இதற்குள் ஓரளவு தேறியிருந்த பேருந்து ஓட்டுநரை முன்னால் விட்டு, இரண்டாவதாக வருவதென்று திட்டம். தன் பந்தயத்தை முடித்தவர்கள் வளைவுகளில் நின்று, கவிழும் கார்களை நிமிர்த்திவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நான் பி தரம். வழக்கம்போல் கடைசிக்கு முந்தினவனாக வந்துவிட்டு, கடைசி வளைவில் நின்றிருந்தேன்.

சிங்கம் முன்னால் வந்தார். கடைசிச் சுற்றில், திட்டப்படி, சைக்கிளுக்கு வழிவிடும் கல்யாண ஊர்வலம்போல ஒதுங்கினார். பேருந்து ஓட்டுநர் முந்தினார். முந்தின உற்சாகத்தில், பேருந்தைத் திருப்புகிற மாதிரி வளைவை அகலமாக எடுத்துக் குழாயில் மோதி, என் காலடியில் கவிழ்ந்தார். இப்போது சிங்கத்துக்கு முன்னால் முடிவுக்கோடு மட்டும்தான். அவர் கார் நின்றது. கவிழ்ந்த காரை நிமிர்த்தவும் மறந்து மேடையைப் பார்த்தேன். தாண்டினால் பி தரம். நின்றால், பின்னால் வருவது மனைவி. எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த மனிதருக்கு நிஜமாகவே வியர்த்தது. கார் ஓர் அடி முன்னே போனது, நின்றது, மறுபடி அரை அடி போனது. அதற்குள் அந்த அம்மாளின் கார் பக்கத்தில் வந்து, ஒதுங்கி, கோட்டைத் தாண்டிவிட்டது.

செயலாளர் மைக்கில் பெயரை அறிவித்தார். கைதட்டினோம். பேருந்து ஓட்டுநர் மேடையில் சிங்கத்தின் பக்கம் திரும்பி, "அண்ணே, அண்ணி பிரமாதமா ஓட்டிட்டாங்க" என்றார், வெள்ளை மனசோடு.

"நான் விட்டுக்கொடுத்தேன்பா."

அந்த அம்மாளின் முகம் மாறியது. "நிஜமா நான் ஜெயிக்கலையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

இங்கே ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். சும்மாவாவது இருந்திருக்கலாம். "நான் ஓட்டியிருந்தா நீ எங்க இருப்ப? இங்க யாரோடயும் நான் முழு வேகத்துல ஓட்டினதே இல்ல" என்றார் சிங்கம், கிடங்கு முழுக்கக் கேட்கும்படி.

செயலாளர் மைக்கை அணைக்காமலே அருகில் வந்தார். "எப்பவுமேவா சார்?"

"எப்பவுமேதான்."

"வேணும்னே மெதுவா ஓட்டறவரை எந்தத் தரத்துக்கும் தூக்கிப் போடலாம்னு ஒரு விதி இருக்கு. யாரும் ஒத்துக்காததால இதுவரைக்கும் அதைத் தொட்டதில்ல" என்றார் செயலாளர். "அடுத்த வாரம் தொடங்கற பருவத்திலேர்ந்து நீங்க ஏ தரம்."

அடுத்த வாரம் ஏ தரத்தில் அவர் ஓடினதை நான் விவரிக்கப்போவதில்லை. முந்திப்போகிறவர்களுக்கு வழிவிட்டே கை ஓய்ந்துபோயிற்று என்று மட்டும் சொல்கிறேன். இந்த முறை காருக்கு ஒரு வியாதியும் இல்லை. மூன்று வாரம் தாங்கினார். பிறகு, கழகத்தில் அரசியல் புகுந்துவிட்டது என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டார். இப்போது வேறோர் ஊர்க் கழகத்தில், ஒன்றும் தெரியாத புதியவராகச் சேர்ந்து, சி தரத்தில் வெளுத்து வாங்குகிறாராம். அந்த அம்மாள் அடுத்த பருவத்திலேயே மூன்று முறை முதலிடம் வந்து பி தரத்துக்கு ஏறிவிட்டார். வாராவாரம் என்னை முந்துகிறார். முந்தும்போது யோசிப்பதே இல்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். சதுரங்கம் ஆடக் கூப்பிட்டால் தங்கை பிள்ளையோடு மட்டும் ஆடுகிறவரா? பதவி உயர்வுப் பரீட்சை எழுதாததற்குக் குடும்பத்தைக் காரணம் சொல்லுகிறவரா? இல்லை என்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் இதைப் படித்துக்கொண்டு வரும்போது, நடுவில் எங்கேயாவது, 'இதென்ன பிரமாதம், நான் உட்கார்ந்தால் இதைவிட நன்றாக எழுதுவேன், எனக்கு அதிலெல்லாம் ஆசையில்லை, அவ்வளவுதான்' என்று ஒரு கணம் தோன்றியதா? சும்மாதான் கேட்டேன்.